70 நாட்டு சர்க்கார்களுக்கு ஒரே கணக்கு நோட்டு!

கொழும்பு டாக்டர்கள் செய்தது நார்வேக்குப் போன கதை

2020-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி இலங்கை பரபரப்பு அடைந்தது.

சீனாவில் இருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்ணுக்குக் கொரோனா என்று அன்று உறுதி ஆயிற்று. இலங்கையில் அந்த நோய் கண்ட முதல் ஆள் அவர்தான். கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடை என்ற ஊரில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே அவரை வைத்து வைத்தியம் பார்த்தார்கள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். பிப்ரவரி 19-ந் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுகாதார மந்திரியே வந்து, அவரைக் கட்டி அணைத்து வழி அனுப்பினார்.

ஆனால், சுகாதார இலாகாவுக்குக் கவலை தீரவில்லை. வந்தது ஒருவரோடு நிற்குமா? விமானத்தில் தினமும் எத்தனையோ பேர் வந்து இறங்குகிறார்கள். யார் எந்த நாட்டில் இருந்து வந்தார்? எந்த ஊரில் தங்கி இருக்கிறார்? காய்ச்சல் இருக்கிறதா? 14 நாள் வரை இதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

காகிதத்தில் எழுதினால் என்ன ஆகும்? கட்டுநாயக்க விமான நிலையத்தில் எழுதிய காகிதம், வெளியூரில் இருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் கிடைப்பதற்குள், வந்தவர் நான்கு ஊர் சுற்றிவிடுவார்!

சில நாள் வேலை

இலங்கையில் சில டாக்டர்கள் வைத்தியத்தோடு கம்ப்யூட்டரும் படித்தவர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்திலேயே அதற்கு ஒரு மேற்படிப்பு உண்டு. அவர்கள் உட்கார்ந்தார்கள். சில நாள்களில் ஓர் ஏற்பாட்டைச் செய்து முடித்தார்கள்.

விமான நிலையத்தில் பயணியின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதிவார்கள். அந்த நிமிடமே அது, அவர் போகும் ஊரின் பரிசோதகருக்குத் தெரியும். பரிசோதகர் அவரைக் கவனித்து, தினமும் உடல்நிலையைப் பதிவார். தலைநகரில் இருக்கும் அதிகாரி, நாடு முழுவதும் நிலைமை எப்படி என்று ஒரே திரையில் பார்க்கலாம்.

சாதாரணமாக இப்படி ஒரு வேலைக்கு என்ன நடக்கும்? டெண்டர் விடவேண்டும். கம்பெனியைத் தேடவேண்டும். பேரம் பேசவேண்டும். மாதங்கள் ஓடிவிடும்.

இலங்கை டாக்டர்களால் மட்டும் எப்படிச் சில நாள்களில் முடிந்தது?

அவர்கள் புதிதாக எதையும் தொடக்கத்தில் இருந்து செய்யவில்லை. காசநோய், குழந்தைகளின் சத்துணவு போன்றவற்றின் கணக்குக்கு அவர்கள் ஏற்கெனவே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தி வந்தார்கள். அதையே எடுத்துக் கொரோனாவுக்குத் தகுந்தபடி மாற்றினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. காசும் கொடுக்கவில்லை. கேட்கவேண்டிய தேவையே இல்லை!

அந்த மென்பொருளின் பெயர், டி.எச்.ஐ.எஸ்.2. ‘மாவட்ட சுகாதாரத் தகவல் முறை’ என்பதன் சுருக்கம் அது. பெயர் வாயில் நுழையாது. வேலை மட்டும் சுலபம்.

அடுத்த வீட்டுக் குழம்பு

மென்பொருள் என்றால் என்ன? கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. ‘இதைச் செய், அதைச் செய்’ என்று கட்டளைகள் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புதான் மென்பொருள்.

கம்பெனிகள் இந்தக் கட்டளைகளைப் பெரும்பாலும் வெளியே காட்டாது. அது ஓட்டல் குழம்பு மாதிரி. காசு கொடுத்துச் சாப்பிடலாம். என்ன போட்டார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். காரம் அதிகம் என்றாலும் அப்படியேதான் சாப்பிடவேண்டும்.

இன்னொரு வகை உண்டு. அதற்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். இது அடுத்த வீட்டு அம்மாள் சொல்லிக் கொடுக்கும் குழம்பு. ‘இவ்வளவு புளி, இவ்வளவு மிளகாய்’ என்று பக்குவத்தையே சொல்லிவிடுவார். நம் வீட்டுக்குக் காரம் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம். ‘கொஞ்சம் வெந்தயம் போட்டேன், நன்றாக இருந்தது’ என்று திரும்பப் போய் அவரிடம் சொல்லலாம். அடுத்த முறை அவரும் வெந்தயம் போடுவார்.

டி.எச்.ஐ.எஸ்.2 இந்த இரண்டாவது வகை. உலகத்தில் 70-க்கும் மேற்பட்ட நாடுகளின் சுகாதார இலாகாக்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

இது பிறந்தது ஆப்பிரிக்காவில். அதுவும் ஒரு பெரிய கொடுமை ஒழிந்த நேரத்தில்!

ஒரு நாட்டில் 14 சுகாதார இலாகா

1994-ம் ஆண்டு. தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தது. எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்டார்கள். மே மாதம் நெல்சன் மண்டேலா ஜனாதிபதி ஆனார்.

புது சர்க்கார் சுகாதார இலாகாவைத் திறந்து பார்த்தது. தலை சுற்றியது! ஒரு இலாகா அல்ல, 14 இலாகா இருந்தன. வெள்ளையருக்கு ஒன்று. இந்திய வம்சாவளியினருக்கு ஒன்று. கலப்பு இனத்தவருக்கு ஒன்று. கறுப்பு மக்களை ஒதுக்கி வைத்த ‘தாயகப் பகுதி’களுக்குத் தனித்தனியே ஒவ்வொன்று.

ஒவ்வொரு இலாகாவும் தனித் தனி படிவம் வைத்திருந்தது. ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். ஆகவே ஒன்றோடு ஒன்றைக் கூட்டவே முடியவில்லை. நாட்டில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பு ஊசி போட்டார்கள் என்று கேட்டால், சரியான பதில் சொல்ல ஆள் இல்லை.

எழுதுவதிலும் குறைவு இல்லை. நர்சுகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுதியது எல்லாம் மேலிடத்துக்குப் போயிற்று. போனது போனதுதான். எழுதிய ஆஸ்பத்திரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. (இது தென் ஆப்பிரிக்காவில் மட்டும் நடக்கும் விஷயம் என்று யாரும் நினைக்கவேண்டாம்!)

கேப்டவுன் நகரில் சிலர் இதை மாற்ற முனைந்தார்கள். உள்ளூர் டாக்டர்கள், மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தார், நார்வே நாட்டு ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் யோர்ன் பிரா ஆகியோர் அதில் முக்கியமானவர்கள்.

‘எல்லாவற்றையும் எழுதாதே. அவசியமானதை மட்டும் எழுது. எழுதியதை முதலில் நீயே பயன்படுத்து’ என்பதுதான் அவர்களுடைய கொள்கை.

அதற்காக ஒரு மென்பொருள் செய்தார்கள். அதில் ஒரு புதுமை. என்னென்ன விவரம் எழுதவேண்டும் என்பதை மென்பொருள் செய்தவர் தீர்மானிக்கவில்லை. பயன்படுத்துகிறவரே கட்டம் போட்டுக்கொள்ளலாம். மலேரியா உள்ள ஊர் மலேரியாவுக்குக் கட்டம் போடும். இல்லாத ஊர் விட்டுவிடும். கோடு போடாத நோட்டு மாதிரி!

இந்த ஒரு குணம்தான் பிற்காலத்தில் அதை நாடு நாடாகக் கொண்டு போயிற்று.

கேரளம் சொன்ன நிபந்தனை

2000-ம் ஆண்டுவாக்கில் அது இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டு எல்லையில், ஆந்திராவைச் சேர்ந்த குப்பம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. மென்பொருள் இலவசம்தான். அது ஓடுவதற்கு மைக்ரோசாப்ட் கம்பெனியின் வேறு மென்பொருள்கள் தேவைப்பட்டன. அவை இலவசம் அல்ல. பக்குவம் இனாம், பாத்திரத்துக்கு வாடகை என்ற கதை!

கேரள சர்க்கார் திறந்த மூல மென்பொருள்களை ஆதரித்து வந்தது. அவர்களுக்கு இது சரிப்படவில்லை. அப்போது ஆஸ்லோவில் புது மென்பொருளை எழுதிக்கொண்டு இருந்தார்கள். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், இன்டர்நெட் வழியாக வேலை செய்யக்கூடியது. அதுதான் டி.எச்.ஐ.எஸ்.2.

2006-ம் ஆண்டில் அது முதல் முதலாக வேலைக்கு வந்த இடம் கேரளம்தான். ஆகவே, இன்று உலகம் முழுவதும் ஓடும் இந்த மென்பொருள் நடை பழகியது நம் பக்கத்து ராஜ்யத்தில்!

இதை எழுதியவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதவில்லை. நார்வேயில் சிலர், இந்தியாவில் சிலர், வியட்நாமில் சிலர், எத்தியோப்பியாவில் சிலர். இன்டர்நெட் மூலம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பார். பிழை இருந்தால் திருத்துவார். ஒரு நாட்டு சர்க்கார் ‘எங்களுக்கு இந்த வசதி வேண்டும்’ என்று கேட்கும். எழுதிச் சேர்ப்பார்கள். அது சேர்ந்த உடனே, கேட்காத நாடுகளுக்கும் அந்த வசதி கிடைத்துவிடும்.

கென்யாவின் துணிச்சல்

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தது கென்யா நாடு.

அதுவரை எல்லோரும் ஒவ்வொரு மாவட்ட ஆபீசிலும் ஒரு கம்ப்யூட்டரில் மென்பொருளைப் போட்டுவைப்பார்கள். கணக்கை அங்கே எழுதி, பிறகு தலைநகருக்கு அனுப்புவார்கள். ஒரு கம்ப்யூட்டர் கெட்டால், அந்த மாவட்டத்தின் கணக்கு அதோடு போச்சு.

கென்யா அதிகாரிகள் வேறு விதமாக யோசித்தார்கள். நாட்டில் டெலிபோன் கம்பி இல்லாத ஊர் உண்டு. செல்போன் கோபுரமோ பெரும்பாலான இடங்களில் இருந்தது. ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரை வைத்து, எல்லா மாவட்டமும் செல்போன் இன்டர்நெட் மூலம் அதிலேயே எழுதினால் என்ன?

செய்து பார்த்தார்கள். 2011-ம் ஆண்டில் நாடு முழுவதும் அந்த முறை வந்துவிட்டது. ‘ஆப்பிரிக்காவில் இது நடக்காது’ என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கென்யாவைப் பார்த்து மற்ற நாடுகளும் அதே வழிக்கு வந்தன.

இந்த ஒற்றுமைக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதற்குப் பக்கத்து நாடான உகாண்டாவைப் பார்க்கவேண்டும். உதவி செய்ய வந்த ஒவ்வொரு வெளிநாட்டு ஸ்தாபனமும் ஒவ்வொரு மென்பொருளை அங்கே கொண்டு வந்தது. எய்ட்சுக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று என்று ஏகப்பட்டவை. இரண்டு வருஷம் நடக்கும். உதவிப் பணம் தீரும். மென்பொருளும் நின்றுவிடும். ஒன்றோடு ஒன்று பேசவும் பேசாது. பொறுத்துப் பார்த்த உகாண்டா சுகாதார இலாகா, 2012 ஜனவரியில் ‘புதிதாக எதையும் தொடங்காதீர்கள். முதலில் எங்களைக் கேளுங்கள்’ என்று தடை போட்டது. பாராட்டவேண்டிய உத்தரவு!

மார்ச் மாதத்து ஓட்டம்

இப்போது மறுபடி 2020-க்கு வருவோம்.

மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில், இலங்கைக்காரர் ஒருவருக்கே நோய் கண்டது. இத்தாலிய சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போனவர் அவர். நோய் வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிட்டது.

இனி விமான நிலையக் கணக்கு மட்டும் போதாது. நோயாளி யார் யாரோடு பழகினார் என்று தேடவேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கை எந்த ஆஸ்பத்திரியில் காலி என்று தெரியவேண்டும். குடியேற்ற இலாகாவில் இருக்கும் பயணிகள் விவரம் நேராகச் சுகாதார இலாகாவுக்கு வரவேண்டும்.

இலங்கை சர்க்காரின் கம்ப்யூட்டர் ஸ்தாபனம், கெட்டிக்கார இளைஞர்களைக் கூப்பிட்டது. சம்பளம் வாங்காமல் பலர் வந்தார்கள். கொழும்பில் இருந்தவர்களும் ஆஸ்லோவில் இருந்தவர்களும் இன்டர்நெட்டில் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். யாரைத் தொட்டு யாருக்கு நோய் வந்தது என்று வலை மாதிரி படம் போட்டுக் காட்டும் வசதியை இலங்கை இளைஞர்கள் உருவாக்கினார்கள். படுக்கைக் கணக்கும் வந்தது.

இலங்கை இதை மூடி வைத்துக்கொள்ளவில்லை. ‘இதோ எங்கள் கட்டங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வெளியிட்டது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தார் அதை வாங்கி, உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதிகளோடு ஒத்துப் பார்த்து, எந்த நாடும் பயன்படுத்தும்படி பொதுவாக ஆக்கினார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் 30-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை எடுத்துக்கொண்டன.

பணக்கார நாடும் கேட்டது

இதில் மிகவும் சுவையான விஷயம் இனிமேல்தான்.

நார்வே பெரிய பணக்கார நாடு. எண்ணெய் வளம் உள்ளது. ஏழை நாடுகளுக்கு உதவி என்றுதான் இந்த மென்பொருளுக்குப் பல வருஷமாகப் பணம் கொடுத்து வந்தது. ‘இது ஏழைகளுக்கு, நமக்கு எதற்கு?’ என்று அந்த நாட்டில் யாரும் அதைத் தங்கள் ஊரில் போட்டதில்லை.

கொரோனா வந்தது. நார்வேயில் நோயாளியோடு பழகியவர்களைத் தேடும் பொறுப்பு நகராட்சிகளைச் சேர்ந்தது. அப்போது அங்கே 356 நகராட்சிகள். அவற்றில் பல, காகிதத்திலும் சாதாரணக் கணக்குப் பட்டியலிலும் பெயர்களை எழுதித் திண்டாடின.

அப்போதுதான் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் நினைவு வந்தது! நகராட்சிகளின் சங்கமும் ஆஸ்லோ பல்கலைக்கழகமும் சேர்ந்தன. இலங்கையில் பழுத்த அந்த அனுபவத்தை நார்வேக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் அதை எடுத்துக்கொண்டன.

கொடுத்த கை வாங்கிற்று. வாங்கிய கை கொடுத்தது. சர்க்கார்களுக்கு உள்ளே இப்படி நடப்பது அபூர்வம்.

இலங்கையும் வாங்காமல் இல்லை. 2021-ல் தடுப்பு ஊசி போடத் தொடங்கியபோது, அந்தக் கணக்கையும் டி.எச்.ஐ.எஸ்.2-ல் எழுதினார்கள். ஊசி போட்டதற்குச் சான்றிதழ் வேண்டும் அல்லவா? வெளிநாடு போகிறவர் போலிச் சான்றிதழ் காட்டக்கூடாது. அதற்காக இந்தியாவில் எழுதப்பட்ட டைவாக் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளை எடுத்து இதோடு இணைத்தார்கள். இந்தியாவில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சதுரப் புள்ளிக் கட்டம் போட்ட சான்றிதழ் வந்ததே, அதன் பின்னால் இருந்தது டைவாக்தான்.

நம் நோய் ஊருக்குத் தெரியுமா?

இங்கே ஒரு சந்தேகம் வரும். ‘எல்லா நாட்டுக்கும் ஒரே மென்பொருள் என்றால், நம் வீட்டு நோயாளியின் விவரம் ஆஸ்லோவில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடாதா?’

தெரியாது. பகிர்ந்துகொள்வது நோட்டை, அதில் எழுதியதை அல்ல. ஒரே கடையில் வாங்கிய நோட்டில் இரண்டு வீட்டார் செலவுக் கணக்கு எழுதுகிறார்கள். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியுமா? அதுபோலத்தான். ஒவ்வொரு நாட்டின் கணக்கும் அந்த நாட்டின் பொறுப்பில் இருக்கிறது.

ஆனால், பூட்டைச் சரியாகப் போடவேண்டியதும் அந்த நாடுதான். கட்டளைகள் திறந்து கிடப்பதால் ஓட்டை இருந்தால் பலர் கண்ணில் படும், சீக்கிரம் அடைப்பார்கள். அடைத்த புதுப் பதிப்பை ஓர் அதிகாரி சோம்பலால் போடாமல் விட்டால், அதற்கு மென்பொருள் என்ன செய்யும்?

இனாம், ஆனால் செலவு உண்டு

இனாம் என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. கம்ப்யூட்டர் வாங்கவேண்டும். கரண்ட் வேண்டும். நர்சுகளுக்குப் பயிற்சி தரவேண்டும். எல்லாவற்றையும் விட, மென்பொருளைத் தெரிந்த ஆள் சர்க்காரில் நிலைத்து இருக்கவேண்டும். நன்றாகக் கற்றுக்கொண்ட பையனைக் கம்பெனிகள் இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்து இழுத்துப் போய்விடும். பல நாடுகளில் இதுதான் பெரிய தலைவலி. இலங்கை தப்பித்ததற்குக் காரணம், கற்றுக்கொண்டவர்கள் சர்க்கார் டாக்டர்களாகவே இருந்ததுதான்.

இன்னொன்று, பணம் வரும் வழி. ஆஸ்லோவில் மென்பொருளைப் பராமரிக்கும் செலவில் பெரும்பகுதி, நார்வே சர்க்காரும் உலக உதவி ஸ்தாபனங்களும் கொடுப்பது. 2025-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் தன் வெளிநாட்டு உதவியைப் பெரிய அளவில் வெட்டியது. ஆப்பிரிக்காவில் பல சுகாதார இலாகாக்கள் ஆடிப்போயின. மென்பொருளை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. அது அவரவர் கையில் இருக்கிறது. அதை ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் பல நாட்டு சுகாதார இலாகாக்காரர்கள் ஆஸ்லோவில் கூடுகிறார்கள். தங்கள் ஊரில் செய்ததை மற்றவர்களுக்குக் காட்டுகிறார்கள். நல்லதை எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய அடுத்த வேலை, மழைக் கணக்கு. எந்த வாரம் எங்கே எவ்வளவு மழை, எவ்வளவு வெயில் என்பதை நோய்க் கணக்கோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கி இருக்கிறார்கள். மழை விட்ட சில வாரங்களில் டெங்குவும் மலேரியாவும் எந்தப் பக்கம் தலைதூக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்தப் பக்கம் கொசு மருந்தும் டாக்டரும் முதலிலேயே போய்விடலாம்.